900 ரூபாய்க்கு ஏழு மாதம்

"ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய். அரசு 900 தரும். நீங்கள் 600 போட்டால் போதும்."

2022 ஜூன் மாதம், தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடி கடலில் இறங்கிய வாரத்தில், கடல்பாசி வளர்க்கும் மிதவைக்கு மானியம் தருவது பற்றி எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் சொன்னது இவ்வளவுதான். இதற்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் பேசினார்கள். ஆனால் பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்வரை எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது அந்த 600 மட்டும்தான். நானும் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். மகளிர் குழுவில் நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு 20 மிதவை, ஆக நூறு மிதவை. எங்கள் பங்கு 60,000 ரூபாய். குழுச் சேமிப்பில் 40,000 இருக்கிறது, மீதியைப் புரட்டிவிடலாம்.

அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரிய ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்தத் தப்பை எழுதிவைத்தால் இன்னொருவருக்காவது உதவும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே, பாக் விரிகுடாக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். கணவர் வள்ளத்தில் போகிறவர். நான் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்த ஒரே தகுதியால் ஊரில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் என் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் இங்கே சொல்வதில் பாதி என் அனுபவம், மீதி வாசலில் வந்து நின்றவர்களின் அனுபவம்.

பாசி எங்களுக்குப் புதிதில்லை. என் அம்மா மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்க்காரர். தீவைச் சுற்றி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்து வளர்ந்தவர். அங்கிருக்கும் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு அந்தத் தொழில் வழக்கும் அபராதமுமாக மாறிவிட்டது. மிதவையில் வளர்ப்பது வேறு பாசி. அறிவியல் பெயர் கப்பாஃபைகஸ். எங்கள் பக்கம் 'பெப்சி பாசி' என்றால்தான் தெரியும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அப்படியே பாசிக்கும் ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் சட்டம், மூலைகளில் குறுக்குக் கட்டை, ஓரா மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை, மேலே இருபது கயிறு. கயிறு நெடுக விதைப்பாசியை முடிந்து இறக்கிவிட்டால் 45 நாளில் அறுவடை. ஒரு மிதவைக்கு 60 கிலோவைப் போல விதை வேண்டும்.

இதற்கு மானியம் தருவது பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா என்ற மீன்வளத் திட்டம். 2020-இல் தொடங்கியபோது 20,050 கோடி ரூபாய்த் திட்டம் என்று செய்தி வந்தது. அந்தத் தொகையை நான் பிரித்துப் பார்த்தது பிறகுதான். மத்திய அரசின் பங்கு 9,407 கோடி. மாநிலங்களின் பங்கு 4,880 கோடி. மீதி 5,763 கோடி பயனாளிகளின் பங்கு. எங்களைப் போன்றவர்கள் கையிலிருந்து போடவேண்டிய பணத்தையும் கூட்டித்தான் அது 20,050 கோடி. இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, திட்ட ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் தலைப்புச் செய்தியில் பார்க்கிறவருக்கு அத்தனையும் அரசு கொடுக்கப்போகும் பணமாகத்தான் தெரியும். அன்றிலிருந்து எந்தத் திட்டத்தின் மொத்தத் தொகையைக் கேட்டாலும் 'இதில் எங்கள் பங்கு எவ்வளவு' என்றுதான் முதலில் தேடுகிறேன்.

தனி ஆளுக்கான பணிகளில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம் மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். 1,500-இல் 60 சதவீதம் 900. அந்த 900-ஐயும் டெல்லி முழுதாகத் தருவதில்லை. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பிரித்துக்கொள்கிறார்கள். அதாவது 540 ரூபாய் அங்கிருந்து வரவேண்டும், 360 ரூபாய் இங்கிருந்து சேரவேண்டும். ஒன்றிய அரசு என்பதா மத்திய அரசு என்பதா என்று தொலைக்காட்சியில் சண்டை போடுகிறார்கள். எங்கள் ஊரில் 'டெல்லிப் பணம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் டெல்லிப் பணத்துக்கு மேசை டெல்லியில் இல்லை. விண்ணப்பத்தை வாங்குவதும், இடத்தைப் பார்ப்பதும், கணக்கில் பணம் ஏற்றுவதும் மாநில மீன்வளத் துறைதான். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து பட்டியல் போடுகிறது, அது சென்னைக்குப் போகிறது, ஒப்புதலும் பணமும் மேலிருந்து திரும்பி வருகின்றன. இந்த மாவட்டத்துக்கு இந்த ஆண்டு இத்தனை மிதவை என்று இலக்கும் உண்டு. இலக்கு முடிந்த பிறகு எவ்வளவு நல்ல விண்ணப்பம் கொடுத்தாலும் அது அடுத்த ஆண்டுக் கட்டில்தான் கிடக்கும். ஆகவே அறிவிப்பு வந்த வாரமே ஆதார், பாஸ்புக் நகல், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒப்புகை தர யோசித்தால், நகலில் தேதியோடு ஒரு முத்திரையாவது கேளுங்கள். அந்த ஒரு முத்திரை பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

ஜூலையில் விண்ணப்பித்தோம். செப்டம்பர் கடைசியில் பணி ஆணை வந்தது. ஊரே வாழ்த்தியது. ஆணையை நான் இரண்டாம் தடவை படித்தபோதுதான் அதில் இருந்த ஒரு சொல் கண்ணில் பட்டது: 'பின்னேற்பு மானியம்'.

பாதிப் பேர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். பின்னேற்பு என்றால், முழு வேலையையும் நம் பணத்தில் முடிக்கவேண்டும். பில் கொடுக்கவேண்டும். அவர்கள் வந்து பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். ஆக, எங்களுக்குத் தேவைப்பட்டது 60,000 இல்லை. நூறு மிதவைக்கும் 1,50,000 ரூபாயை முதலில் நாங்களே இறக்கவேண்டும். கூட்டத்தில் இதைச் சொன்னார்களா என்று கேட்டால், சொல்லியிருப்பார்கள். 600 என்ற எண் காதில் விழுந்த பிறகு மற்றது எதுவும் விழவில்லை.

1,50,000-உம் தப்பு என்பதை மூங்கில் கடையில் தெரிந்துகொண்டோம். 1,500 என்பது வழிகாட்டு நெறிமுறையில் எழுதிய அலகுத் தொகை. சந்தை விலை அதைப் பார்த்து நடப்பதில்லை. மூங்கில், கயிறு, வலை, நங்கூரக் கல், விதை, லாரி வாடகை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு மிதவை 2,150 ரூபாயில் முடிந்தது. நூறு மிதவைக்கு 2,15,000. மானியம் அப்போதும் 900-தான். 60 சதவீத மானியம் என்று பெயர், எங்கள் கையில் அது 42 சதவீதம்கூட முழுசாக இல்லை. வீட்டுத் திட்டத்திலும் இதே கதை. அலகுத் தொகை என்பது அரசு தன் பங்கைக் கணக்கிட வைத்திருக்கும் அளவுகோல். அதற்குள் உங்கள் வேலை முடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

அடுத்தது பில். மூங்கில் வியாபாரி பழைய ஆள், நல்ல மனிதர், சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்கு எழுதித் தருபவர். அதை நீட்டினால் அலுவலகத்தில் சிரித்தார்கள். ஜி.எஸ்.டி. எண்ணோடு, குழுப் பெயரில், தேதியோடு பில் வேண்டும். மறுபடி பஸ் ஏறி ராமநாதபுரம் போய், பில் தரக்கூடிய வேறு கடையில் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்கினோம். ரொக்கமாகக் கொடுக்காமல் குழுக் கணக்கிலிருந்து அனுப்பினோம். அது மட்டும் நான் அந்த ஆண்டில் செய்த ஒரே புத்திசாலித்தனம். வங்கிப் புத்தகத்தில் பதிந்த வரியை யாராலும் 'இல்லை' என்று சொல்ல முடியாது.

ஆணையில் 60 நாளுக்குள் பணியை முடிக்கவேண்டும் என்று போட்டிருந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து 60 நாள் என்றால் நவம்பர். வாடைக் காற்று தொடங்கியபிறகு எங்கள் கடலில் மிதவை போட்டால் மறுநாள் காலையில் மூங்கிலைக் கரையில் பொறுக்கவேண்டியதுதான். டெல்லிக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. எங்களுக்கோ வாடை அடங்கியபிறகுதான் ஆண்டே தொடங்குகிறது. இந்த இரண்டு நாட்காட்டியும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. பக்கத்து ஊரில் ஒரு குழு, ஆணை ரத்தாகிவிடும் என்று பயந்து நவம்பரிலேயே போட்டார்கள். ஐம்பது மிதவையில் பதினொன்று மிஞ்சியது.

நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். காற்றுக் காலம் முடிந்து பிப்ரவரியில் மிதவை போட அவகாசம் வேண்டும் என்று ஐந்து பேரும் கையெழுத்திட்டு, ஆணை எண்ணைக் குறிப்பிட்டு, நேரில் கொடுத்து முத்திரை வாங்கினோம். பதில் வரவில்லை. ஆனால் மார்ச் மாதம் 'ஏன் தாமதம்' என்று கேள்வி வந்தபோது அந்த நகலை மேசையில் வைத்தேன். கேட்டவர் படித்துப் பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். வாயால் கேட்ட அவகாசத்துக்கு அந்த மதிப்பு இருந்திருக்காது.

கள ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இப்போது எதைக் கட்டினாலும் இடக்குறியோடு படம் எடுக்கவேண்டும். பயனாளி பொருளுக்குப் பக்கத்தில் நிற்க, கைபேசிப் படத்தின் ஓரத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் விழும். பிப்ரவரி கடைசியில் வந்த அலுவலர் இளம் வயது, பளபளவென்று காலணி. மிதவைகள் இடுப்பளவுத் தண்ணீரில் கிடக்கின்றன. அவர் மணலிலேயே நின்றுகொண்டு, "இரண்டு மிதவையைக் கரைக்கு இழுத்து வாருங்கள் அக்கா, படம் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். இழுத்தோம். என் மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மூங்கிலைப் பிடித்து நிற்க, நான் பாசிக் கொத்தை உயர்த்திக் காட்டினேன். நல்ல படம். மூன்று வாரம் கழித்துக் கோப்பு திரும்பிவந்தது. இடக்குறிப்படி எங்கள் மிதவைகள் கடலில் இல்லையாம், நிலத்தில் இருக்கின்றனவாம். மேலே கணினியில் பார்த்தவரைக் குறை சொல்லவும் முடியாது, படம் எடுத்தவர் நின்றது நிலத்தில்தானே. இரண்டாவது முறை வந்தபோது அவரை வள்ளத்தில் ஏற்றிக் கூட்டிப்போனார் என் கணவர். படம் எடுக்கும்போது அலுவலர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம், எங்களுக்கு இதனால் ஒரு மாதம் போனது.

ஜனவரி கடைசியில் மூங்கில் வாங்கினோம். மானியம் கணக்கில் ஏறியது செப்டம்பர் முதல் வாரம். ஏழு மாதம். 2,15,000 ரூபாயை எப்படித் திரட்டினோம் என்றால், குழுச் சேமிப்பு 40,000, வங்கியில் குழுக்கடன் ஒரு லட்சம், மீதி 75,000 ஐந்து பேரின் நகை. குழுக்கடனில் நாங்கள் தப்பித்தோம். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி. கணவன்மார்கள் பெயரில் மீனவர்களுக்கான கிசான் கடன் அட்டை எடுத்திருந்தால் அதுவும் 7 சதவீதம்தான், தவணை தவறாமல் கட்டினால் 4 ஆகக் குறையும். அது உழவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம். மீனவர்களுக்கும் 2018-19-லேயே திறந்துவிட்டார்கள்.

பிறகு நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவேண்டிய 90,000 ரூபாய் ஏழு மாதம் வராமல் நின்றதற்கு 7 சதவீதத்தில் வட்டி 3,675. அதையே எங்கள் கரையில் கைமாற்றுக்குக் கேட்கும் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கியிருந்தால் 18,900. மானியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்காரர் வீட்டுக்குப் போயிருக்கும். இலவசம் என்ற பெயரில் வருகிற பணத்துக்கும் வாடகை உண்டு, அதைக் கொடுப்பது நாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'வேண்டாம், இருபதுக்குப் பதில் ஐந்து மிதவை போதும்' என்று ஒருவர் முடிவெடுத்தால் அவரைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த மே மாதச் சூட்டில் முப்பது மிதவைப் பாசி வெளுத்து உதிர்ந்தது. மறு விதைக்கு மானியம் கிடையாது. அதுவும் எங்கள் பங்குதான்.

மானியம் ஏறியது என்றேன். நான்கு பேருக்கு ஏறியது. ஐந்தாவது ஆள் என் சித்தி. அவர் கணக்கில் வரவில்லை. ஏற்கெனவே மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணமும் அவருக்கு வரவில்லை. தன் பங்காக 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தரும் திட்டம் அது. ஒவ்வொரு முறையும் வங்கியில், "வரும் அம்மா, போங்கள்" என்றார்கள். துறையில் கேட்டால், "அனுப்பிவிட்டோம்" என்றார்கள். இரண்டுமே உண்மையாக இருந்தன என்பதுதான் வேடிக்கை.

ஆதார் வழியாகப் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. அந்த ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு பிணைக்கப்பட்டதோ அங்கே போய்விடும். ஒருவருக்குப் பத்துக் கணக்கு இருந்தாலும் பணம் இறங்கும் இடம் ஒன்றுதான். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பக்கம் இருக்கிறது. பதிவு செய்த கைபேசிக்கு வரும் எண்ணைப் போட்டால் வங்கியின் பெயர் தெரியும். சித்திக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் வாழ்நாளில் கேள்விப்பட்டிராத ஒரு பெயர் வந்தது.

"இது என்ன சித்தி?"

"எனக்கு என்ன தெரியும்? நீதான் படித்தவள்."

தோண்டித் துருவியபோது தெரிந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் திருவிழாக் கூட்டத்தில் குடைபோட்டு விற்றவனிடம் சிம் அட்டை வாங்கியிருக்கிறார். ரேகை விழவில்லை என்று அவன் திரும்பத் திரும்ப விரலை வைக்கச் சொல்லியிருக்கிறான். கயிறும் உப்பும் அறுத்த விரல்கள், சித்திக்கு ரேஷன் கடையிலும் ரேகை விழாது, ஆகவே அவர் சந்தேகப்படவில்லை. ஒரு ரேகை சிம்முக்கு, இன்னொன்று அவருக்குத் தெரியாமல் கைபேசி வழியாகத் திறக்கும் ஒரு வங்கிக் கணக்குக்கு. ஆதாரும் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, பணம் முழுவதும் அந்தக் கணக்கில் அப்படியே கிடந்தது. பழைய வங்கிக் கிளையில் ஆதார் பிணைப்புப் படிவம் ஒன்றை எழுதிக் கொடுத்த சில நாட்களில் இணைப்பு திரும்பியது. கிடந்த பணத்தை வெளியே எடுக்க மட்டும் ஒன்றரை மாதம் அலைந்தோம். எதற்காக ரேகை வைக்கிறோம் என்று கேட்காமல் இரண்டாம் தடவை விரலை நீட்டாதீர்கள். முதல் தடவை விழவில்லை என்றால் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர்க் கதையும் இதற்குத் தம்பிதான். ஆதாரில் 'லெட்சுமி', பாஸ்புக்கில் 'லட்சுமி', சங்க அட்டையில் தகப்பனார் பெயர் முதலெழுத்தாக, ரேஷன் அட்டையில் கணவர் பெயர் முதலெழுத்தாக. தமிழில் படிக்கும் நமக்கு அது ஒரே ஆள். கணினிக்கு நான்கு பேர். எதை எதோடு ஒத்துப்போக வைப்பது என்று குழம்பவேண்டாம். ஆதாரை ஒரு தடவை சரியாக்கிவிட்டு மற்றதையெல்லாம் அதற்குத் திருப்புங்கள். திட்டம் வந்தபிறகு திருத்த ஓடினால் இலக்கு முடிந்திருக்கும்.

என் மாமியாருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வருகிறது. இது டெல்லிப் பணமா சென்னைப் பணமா என்று தேர்தல் நேரத்தில் எங்கள் தெருவில் சண்டையே வந்தது. இந்திரா காந்தி பெயரில் இருக்கும் தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை மத்திய அரசு தருவது 200 ரூபாய், 80 ஆனால் 500. மீதியைப் போடுவது மாநிலம். சொன்னபோது இரண்டு கட்சிக்காரர்களும் என்னை முறைத்தார்கள். எனக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: பணம் நின்றுபோனால் எந்தப் படியேறுவது? பெயர் யாருடையதாக இருந்தாலும், தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரின் படி. இதே வரிசையில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் சம்பாதிக்கும் ஆள் 60 வயதாகும் முன் இறந்துபோனால், தேசிய குடும்ப நலத் திட்டத்தில் ஒரு முறை 20,000 ரூபாய் உண்டு.

சாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்து, விபத்தில் இறந்தால் 2 லட்சம் தரும் சுரக்ஷா பீமா எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். என் கொழுந்தன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஒருநாள் அவர் பாஸ்புக்கைப் புரட்டினால் மூன்று ஆண்டாக அந்த 20 ரூபாய் பிடிக்கப்படவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது, பிடித்தம் மே கடைசியில். இந்தக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மே கடைசியில் விசைப்படகுத் தொழிலாளி கணக்கில் 20 ரூபாய் இருக்குமா? இருக்காது. பிடிக்க முடியாமல் காப்பீடு சத்தமில்லாமல் அறுந்துபோகிறது. இப்போது ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் குழுவினர் ஒவ்வொரு வீட்டு ஆண்கள் கணக்கிலும் 500 ரூபாயைத் தொடாமல் வைக்கச் சொல்கிறோம். 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுப் பிடித்தமும் அதிலேயே போய்விடும். இது தவிர, மத்ஸ்ய சம்பதாவில் மீனவர்களுக்கு நாம் ஒரு பைசா கட்டாத குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. இறந்தாலும் நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலும் 5 லட்சம். அதற்கு ஆள் பட்டியலில் இருக்கவேண்டும். சங்க உறுப்பினர் அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்துப் பயனில்லை, புதுப்பித்திருக்கவேண்டும்.

மானியம் வந்த சேதி பரவினால் தொலைபேசியும் வரும். எனக்கு வந்தது. மரியாதையான குரல், நல்ல தமிழ். "மேடம், உங்களுக்கு மத்திய அரசு 3 லட்சம் மானியம் ஒதுக்கியிருக்கிறது, கோப்புக் கட்டணம் 2,800 மட்டும் அனுப்பிவிடுங்கள்." 900 ரூபாய்க்கு என்னை ஏழு மாதம் நடக்கவைத்த அரசு, கேட்காமலே 3 லட்சம் தருகிறதாம். சிரிப்புத்தான் வந்தது. ஆனால் தெருவில் ஒரு பெண் கட்டிவிட்டார். மானியம் பெறக் கோப்புக் கட்டணம் என்று யாருக்கும் பணம் அனுப்பும் வழக்கம் எந்தத் திட்டத்திலும் இல்லை. வாட்ஸ்அப்பில் திட்டத்தின் பெயரைப் போட்டு வரும் செயலிக் கோப்பைத் திறந்தால் கணக்கே காலி.

கோப்பு எங்கே தூங்குகிறது என்று தெரியாமல் தவிக்கும்போது நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். மனுவுக்கு ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியே ஆகவேண்டும். இன்னொன்று, தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, 'என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த நிலையில் இருக்கிறது, மாநிலப் பங்கும் மத்தியப் பங்கும் எப்போது விடுவிக்கப்பட்டன' என்று இரண்டே கேள்வி கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு இருபத்தாறாம் நாள் பணம் வந்துவிட்டது, பதில் அதற்கு மறுவாரம் வந்தது. கேள்வியால் பணம் வந்ததா, வரவேண்டிய நேரத்தில் வந்ததா, தெரியாது. கடிதத்தில் கோபத்தைக் கொட்டாமல் தேதியை மட்டும் கேட்டது நல்லதாகப் போயிற்று என்று மட்டும் நினைக்கிறேன். அலுவலகத்தில் இருப்பவர்களும் மேலிருந்து பணம் இறங்காமல் எங்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டவர்கள்தான்.

போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். புதுக் குழு. ஒருத்தி இடுப்பில் பிள்ளை.

"அக்கா, 600 போட்டால் போதுமாமே?"

கணக்கு நோட்டை எடுத்து வைத்துவிட்டு, "மூங்கில் இப்போது என்ன விலை?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராமநாதபுரத்துக்குப் பதினோரு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. விசாரித்துவிட்டு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம். பில் தருவாரா என்றும் கேளுங்கள். பிள்ளையை வேண்டுமானால் இங்கே விட்டுவிட்டுப் போங்கள்."